கோயிலில் குழந்தைக்குப் பால் கொடுத்தது தப்பா?

சகோதரி, டர்பன் கோயிலில் காவடியன்று கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தபோது, ஒரு பெரியம்மா உங்களைக் கழிவறைக்குப் போகச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் செய்ததில் தப்பே இல்லை. கழிவறையில் உட்கார்ந்து நாம் சோறு சாப்பிடுவோமா?

பொது இடத்தில் பால் கொடுப்பது தென்னாப்பிரிக்காவில் குற்றமில்லை. பெண் என்பதாலோ கர்ப்பத்தை ஒட்டியோ பாகுபாடு காட்டுவதை 2000-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் தடுக்கிறது. ஆனால் பெரியம்மாவிடம் சட்டம் பேசாதீர்கள். ஆண்கள் நிற்கும் இடத்தில் மாராப்பு விலகக் கூடாது என்று வளர்ந்தவர் அவர். அந்தக் கூச்சத்தை மதிக்கலாம். அதற்காகப் பிள்ளையைப் பட்டினி போட முடியாது. சீர்காழிக் குளக்கரையில் பசித்து அழுத சம்பந்தருக்கு உமையம்மையே பால் கொடுத்ததாகத்தானே சொல்கிறோம்? அதை அவரிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள், கேட்பார்.

தைப்பூசம் டர்பனில் நல்ல கோடைப் புழுக்கத்தில் வருகிறது. யார் சொன்னாலும் கனமான துண்டால் குழந்தையின் முகத்தை மூடாதீர்கள், மூச்சுத் திணறும். சேலை முந்தானையோ மெல்லிய துப்பட்டாவோ தோளில் கிடந்தால் போதும்.

அப்புறம், கோயில் கமிட்டியிடம் அடுத்த திருவிழாவுக்குள் மண்டபத்தில் காற்றோட்டமான ஒரு மூலை, ஒரு திரை, சாய்ந்து உட்கார இரண்டு நாற்காலி கேளுங்கள். வேண்டியவர்கள் அங்கே போகட்டும். அங்கேதான் கொடுக்க வேண்டும் என்று மட்டும் விதி போட விடாதீர்கள்.