வீடியோவிலிருந்து குரலை மட்டும் தரம் குறையாமல் எடுப்பது எப்படி?

கேள்வி: என் பாட்டு ஆசிரியரின் வகுப்புகளை ஃபோனில் வீடியோவாக எடுத்து வைத்திருக்கிறேன். மொத்தம் 40 எம்பி4 ஃபைல்கள், ஒவ்வொன்றும் சுமார் ஒரு மணி நேரம். நடந்துகொண்டே கேட்க ஆடியோ மட்டும் போதும். விஎல்சியில் எம்பி3 ஆக மாற்றிப் பார்த்தேன். குரல் ஏதோ மங்கலாகக் கேட்கிறது. தரம் குறையாமல் எடுக்க இலவச மென்பொருள் ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. குரல் மங்கியதாக உங்களுக்குப் பட்டதும் பிரமை இல்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் வழியும் தெரிந்துவிடும்.

எம்பி4 என்பது ஒரு பெட்டி மாதிரி. உள்ளே படம் ஒரு டிராக், ஒலி ஒரு டிராக். ஃபோனில் எடுத்த வீடியோ என்றால் அந்த ஒலி அநேகமாக ஏஏசி முறையில் ஏற்கெனவே சுருக்கப்பட்டிருக்கும். சுருக்கும்போது காதுக்கு எட்டாது என்று கணித்த நுணுக்கங்களை அது கழித்துவிடுகிறது. அதை நீங்கள் எம்பி3 ஆக மாற்றும்போது, கழித்தது போக மிஞ்சியதிலிருந்து இன்னொரு முறை கழிக்கிறீர்கள். ஜெராக்ஸை வைத்து ஜெராக்ஸ் எடுப்பது போலத்தான். போதாததற்கு, விஎல்சியில் ‘ஆடியோ – எம்பி3’ என்று தேர்ந்தெடுத்தால் அதுவாக 128 கேபிபிஎஸ் (ஒரு நொடி ஒலிக்கு 128 கிலோபிட்) வைத்துக்கொள்கிறது. பேச்சுக்கு அது தாராளம். பாட்டில் ‘ஸ’, ‘ஷ’ வரும் இடங்களையும் தாளத்தட்டின் ஒலியையும் ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள், ஓரம் நைந்து தெரியும்.

ஆகவே மாற்றாதீர்கள். பெட்டியைத் திறந்து ஒலி டிராக்கை அப்படியே வெளியே எடுங்கள்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். வீடியோவை விஎல்சியில் ஓடவிட்டு கன்ட்ரோல், ஜே இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். கோடெக், அதாவது சுருக்கும் முறை பற்றிய விவரம் திறக்கும். ஆடியோ என்ற பகுதியில் ஏஏசி என்றும், அதன் கீழே சாம்பிள் ரேட் 48000 அல்லது 44100 என்றும் காட்டும்.

இனி எடுக்க வேண்டியதுதான். ‘லாஸ்லெஸ்கட்’ என்று ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இருக்கிறது. வீடியோவை அதன் ஜன்னலுக்குள் இழுத்துப் போட்டு, ஃபைல் மெனுவில் எல்லா டிராக்குகளையும் பிரித்தெடுக்கும் கட்டளையைக் கொடுங்கள். படம் ஒரு ஃபைலாகவும் ஒலி இன்னொரு ஃபைலாகவும் வரும். ஒலி ஃபைலின் பெயர் எம்4ஏ என்று முடியும். உங்களுக்கு வேண்டியது அதுதான், படத்தை அழித்துவிடலாம். மறுபடி சுருக்கும் வேலையே இல்லாததால் ஒரு மணி நேர வீடியோவும் சீக்கிரம் முடிந்துவிடும். அவ்வளவு வேகமாக முடிந்ததே என்று சந்தேகப்பட வேண்டாம், அது வெறும் நகல் வேலை.

ஆனால் 40 ஃபைலையும் ஒவ்வொன்றாகத் திறப்பது அலுப்பு. கட்டளை வரியில் தட்டச்சு செய்யத் தயக்கம் இல்லை என்றால் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துங்கள். 2000-இல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய திட்டம். லாஸ்லெஸ்கட்டும் உள்ளுக்குள் இதைத்தான் இயக்குகிறது. கட்டளையில் இரண்டு சொற்கள்தான் முக்கியம். ‘மைனஸ் விஎன்’ என்றால் படத்தை விட்டுவிடு. ‘மைனஸ் சி கோலன் ஏ காப்பி’ என்றால் ஒலியை மாற்றாமல் நகலெடு. ஒரு ஃபைலுக்குச் சரியாக வந்துவிட்டால், அதே வரியை ஒவ்வொரு ஃபைலுக்கும் தானாகத் திரும்ப ஓடும் ஒரு லூப்பில் வைத்து மொத்த ஃபோல்டரையும் முடித்துவிடலாம்.

சில பழைய பிளேயர்களும் கார் ஸ்டீரியோக்களும் எம்4ஏ ஃபைலை ஏற்காது. அங்கே எம்பி3 தவிர வழியில்லை. அப்போது விஎல்சி போதும். மீடியா மெனுவில் கன்வெர்ட் / சேவ் திறந்து, ஃபைல்களைச் சேர்த்து, ‘ஆடியோ – எம்பி3’ தேர்ந்தெடுத்த பிறகு பக்கத்தில் இருக்கும் ஸ்பேனர் படத்தை அழுத்துங்கள். ஆடியோ கோடெக் பகுதியில் 128 என்பதை 192 ஆக்கிச் சேமியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 86 எம்பி ஆகும். 128-இல் 58 எம்பி. இந்த வித்தியாசத்துக்காகத் தரத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம். இன்னொன்று: சேமிக்கும் இடத்தில் மூல ஃபைலின் பெயரையே தப்பித்தவறிக்கூடக் கொடுத்துவிடாதீர்கள், மூலமே அழிந்துபோகும். பல ஃபைல்களைச் சேர்த்தால் பெயரோடு ‘கன்வெர்ட்டட்’ என்று ஒட்டச் சொல்லும் வசதி அங்கேயே இருக்கிறது, அதை டிக் செய்துகொள்ளுங்கள்.

சுருக்காத ஒலி வடிவமான வேவ் ஆக எடுத்தால் தரம் கூடும் என்று யாராவது சொல்லலாம். அப்படிக் கூடுவதில்லை. ஏஏசி கழித்தது கழித்ததுதான், ஃபைல் மட்டும் மணிக்கு 690 எம்பி வரை வீங்கும். இரைச்சலைக் குறைப்பது, நடுவில் வெட்டுவது போன்ற வேலை இருந்தால், ஒலியைத் திருத்தும் மென்பொருளான ஆடாசிட்டியில் திருத்தி முடிக்கும் வரை வேவ் வைத்துக்கொள்ளலாம். விண்டோஸில் ஆடாசிட்டி எம்4ஏ ஃபைலைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் லைப்ரரியைத் தனியாக நிறுவ வேண்டும். அப்புறம், எம்பி4 என்ற பெயர் முடிவை எம்பி3 என்று மாற்றி எழுதினால் ஒன்றும் நடக்காது. உள்ளே அதே வீடியோதான் இருக்கும்.

ஆன்லைனில் ஏற்றி மாற்றித் தரும் தளங்கள் வேண்டவே வேண்டாம். உங்கள் ஆசிரியரின் குரல் முன்பின் தெரியாத ஒரு கணினியில் போய் உட்கார வேண்டியதில்லை, 40 மணி நேர வீடியோவை ஏற்றவும் நாட்கணக்கில் ஆகும். மேலே சொன்ன மென்பொருள்களை அவற்றின் சொந்தத் தளங்களிலிருந்தே இறக்குங்கள்.

எல்லாம் எடுத்த பிறகு வீடியோக்களை உடனே அழிக்காதீர்கள். ஒவ்வொரு ஆடியோவையும் தொடக்கம், நடு, கடைசி என மூன்று இடங்களில் கேளுங்கள். மொத்த நேரம் வீடியோவோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எம்4ஏ தொகுப்பை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு எம்பி3 தேவைப்பட்டால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.