ஐயாவின் ரைபிளை அறுக்க வேண்டாம்

வணக்கம் தம்பி. தேவகோட்டை வீட்டில் இருக்கும் உங்கள் ஐயாவின் வேட்டை ரைபிளின் குழலில் நாலு அங்குலம் அறுத்து சைலன்சர் மாட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். 1959 ஆயுதச் சட்டம் 6ஆம் பிரிவுப்படி, அதற்கென்று உரிமம் இல்லாமல் குழலைக் குறைப்பதே குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு சிறை. அறுத்துக் கொடுக்கும் லேத்காரரும் சேர்ந்து மாட்டுவார், பாவம்.

சத்தமும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு அடங்காது. சைலன்சர் தணிப்பது குழல்வாயில் சீறிவரும் வாயுவை மட்டும்தான். குண்டு நொடிக்குச் சுமார் 340 மீட்டரைத் தாண்டிப் பறந்தால், சாட்டையைச் சொடுக்கியதுபோல் ஒரு சத்தம் வரும். அது அப்படியே இருக்கும். அறுத்தால் குறியும் கெடும். குழலின் உள்ளே சுழன்று வரும் வரிப்பள்ளங்கள் குழல்வாயில் பிசிறில்லாமல் முடிய வேண்டும். அந்த விளிம்பு மயிரிழை கோணினாலும் குறி தப்பும்.

எனக்குப் பெரிய கவலை வேறு. ஐயா காலமான பின் உரிமம் யார் பேரில் இருக்கிறது? யார் பேரிலும் இல்லையென்றால் முதலில் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். அப்புறம் வாரிசு என்ற முறையில் சிவகங்கை கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.