தென்னந்தோப்பு கேள்வி பதில்: உரம், கிழட்டு மரம், ஊருக்கு வராத மகன்

கேள்வி (ஆனைமலை): இரண்டு ஏக்கர் தோப்பு. வருடம் தவறாமல் உரம் வைக்கிறேன், காய் ஏறவில்லையே?

பதில்: தண்டை ஒட்டி ஒரு குழி பறித்து மொத்தத்தையும் கொட்டி மூடுகிறவரா நீங்கள்? நம் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான். மரத்திலிருந்து ஆறடி தூரத்துக்குச் சுற்றிலும் வட்டப்பாத்தி எடுத்து, பரவலாகத் தூவி, கொத்திவிட்டுத் தண்ணீர் கட்டுங்கள். காய்க்கும் நெட்டை மரத்துக்கு வருடத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, தொழு உரம் 50 கிலோ என்பது வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு. ரசாயன உரத்தைப் பாதி பாதியாக இரண்டு தடவை வையுங்கள். விலையைப் பார்த்துப் பொட்டாஷை மட்டும் விட்டுவிடாதீர்கள். அப்புறம், பாளை வெடித்துக் காய் முற்றவே ஏறக்குறைய 12 மாதம் ஆகும். வைத்த உரத்தின் பலனை அடுத்த காய் வெட்டிலேயே தேடினால் கிடைக்காது.

கேள்வி (பட்டுக்கோட்டை): தாத்தா வைத்த மரங்கள். காய்ப்பு குறைந்துவிட்டது, வெட்ட மனசு வரவில்லை.

பதில்: எல்லாவற்றையும் ஏன் வெட்ட வேண்டும்? ஒவ்வொரு மரத்திலும் பெயிண்டால் நம்பர் போடுங்கள். வெட்டுக்கு வெட்டு எந்த மரத்தில் எத்தனை காய் என்று ஒரு வருடம் நோட்டில் எழுதுங்கள். சும்மா நிற்கும் மரம் எதுவென்று அதுவே சொல்லிவிடும். இடைவெளியில் கன்று வைத்து, அது தலையெடுத்த பிறகு பழசை எடுத்தால் போதும்.

கேள்வி (பேராவூரணி): கஜா புயலில் பாதித் தோப்பு போயிற்று. மறுபடி நட்டது இப்போதுதான் காய்க்கிறது. திருப்பூரில் இருக்கும் மகன், விற்றுவிடுங்கள் என்கிறான்.

பதில்: 2018 நவம்பரில் ஒரே ராத்திரியில் தோப்பு சாய்ந்ததைப் பார்த்த பிள்ளை அவன். சோம்பேறி என்று ஏசாதீர்கள். ஏக்கருக்கு 70 மரம், மரத்துக்கு 100 காய் என்று நல்லபடியாகவே வைத்தாலும் 7,000 காய்தான். வெட்டுக்கூலி, பொறுக்குக்கூலி, வியாபாரி காசில்லாமல் கூடுதலாகக் கேட்கும் லாபக்காய் எல்லாம் போக மிஞ்சுவதை அவன் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அவன் பேச்சிலும் நியாயம் தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன். என்ன நடுவது, யாருக்கு விற்பது என்று அவனிடம் எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? பல வீடுகளில் நாற்பது வயது மகனும் அப்பா சொன்னபடி மோட்டார் போடும் ஆள்தான். அதற்கு எவன் ஊருக்கு வருவான்? ஒரு ஏக்கரை வரவு செலவோடு அவனிடம் விடுங்கள். இளநீருக்குக் குட்டை ரகம் வைப்பானோ, ஊடுபயிராக வாழை போடுவானோ, அவன் பாடு. அதன் பிறகும் விற்கலாம் என்றால் உட்கார்ந்து பேசுங்கள்.

கேள்வி (உடுமலை): வெள்ளை ஈக்கு எந்த மருந்து அடிக்கலாம்?

பதில்: மருந்தே வேண்டாம். அதைத் தின்னும் என்கார்சியா குளவியும் சேர்ந்து செத்துவிடும். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், ஓலையின் அடிப்பக்கம் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள். கரும்பூசணம் படிந்திருந்தால் லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்த பசை அடியுங்கள், காய்ந்து உதிர்ந்துவிடும்.