முப்பது மீனை அளந்தால் குளத்தை அளந்ததாகுமா?

ஒட்டுசுட்டானில் உயர்தர உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "முத்தையன்கட்டுக் குளத்தில் 30, வவுனிக்குளத்தில் 30 என்று திலாப்பியா வாங்கி மாணவர்கள் நீளம் அளந்தார்கள். வவுனிக்குளத்து மீனின் சராசரி ஒரு சென்ரிமீற்றர் அளவில் கூட வருகிறது. அங்குள்ள மீன் பெரியது என்று செயற்றிட்டத்தில் எழுதலாமா?"

இப்போதைக்கு எழுத வேண்டாம், ரீச்சர். முதலில் அந்த மீன்கள் எந்த வலையில் பட்டவை என்று விசாரியுங்கள். தண்ணீரில் நிறுத்தி வைக்கும் வலையில் சின்ன மீன் வலைக்கண்ணுக்குள்ளால் நழுவிவிடும். மிகப் பெரியதற்குத் தலையே நுழையாது. கண்ணுக்கு அளவான மீன்தான் செவுளில் மாட்டும். ஒரு குளத்தில் கண் கொஞ்சம் பெரிய வலையைப் பாவித்திருந்தால் போதும், சராசரி கூடிவிடும். உங்கள் மாணவர்கள் அளந்தது வலைக்கண்ணையாகவும் இருக்கலாம். அதோடு, கரைக்கு வந்ததும் பெரியவற்றை வேறாக்கிக் கூறு போடுவார்கள். எந்தக் கூறில் வாங்கினீர்கள் என்பதும் முக்கியம்.

இன்னொரு சிக்கல், எண்ணிக்கை. ஒரே இரவில், ஒரே வலையில், ஒரே மூலையில் பட்ட 30 மீன் பெயருக்குத்தான் முப்பது. ஒத்த வயதுடைய மீன்கள் ஒன்றாகத் திரியும். அதனால் அவை ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஐந்து நாள், வெவ்வேறு இடம், நாளுக்கு ஆறு மீன் என்று எடுத்திருந்தால் அதே முப்பது குளத்தைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். சராசரியோடு நின்றுவிட்டால் உயிரியலின் சுவையே போய்விடும். மீனுக்கு மீன் எவ்வளவு வேறுபடுகிறது என்பதுதான் குடித்தொகையின் உண்மையான கதை. உதாரணத்துக்கு ஐந்து மீன்: 18, 20, 21, 22, 24 சென்ரிமீற்றர். சராசரி 21. ஒவ்வொன்றும் அதிலிருந்து விலகும் அளவை வர்க்கித்தால் 9, 1, 0, 1, 9, கூட்டினால் 20. இதை ஐந்தால் அல்ல, நான்கால் வகுக்க வேண்டும். சராசரியையும் இதே ஐந்து மீனிலிருந்துதான் எடுத்தோம், ஆகவே விலகல்கள் உண்மையை விடச் சற்றுக் குறைவாகவே தெரியும்; அதை ஈடுகட்டவே இந்த ஒன்று குறைப்பு. வகுத்து வரும் 5தான் மாறற்றிறன், அதன் வர்க்கமூலம் 2.24. இதுதான் நியம விலகல்.

நியம விலகலை மீன்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் நியம வழு: இங்கே சரியாக 1. முன்னது மீன்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்கிறது, பின்னது நம் சராசரி எவ்வளவு தளம்பும் என்கிறது. மாணவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. மீன்கள் அதே அளவில் வேறுபட்டால், நியம வழுவைப் பாதியாக்க நான்கு மடங்கு மீன் வேண்டும். மாதிரி சிறிதாக இருக்கும்போது சராசரியை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு விடை தந்தவர் வில்லியம் கொசெற். டப்ளின் நகரின் கின்னஸ் பியர் ஆலையில் வேலை செய்தவர் அவர். 'ஸ்ரூடன்ற்' என்ற புனைபெயரில் 1908இல் வெளியிட்ட அந்த முறையிலிருந்து வளர்ந்ததுதான், இரு சராசரிகளின் வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியதா என்று பார்க்கும் இன்றைய ரீ-சோதனை. உங்கள் இரு குளங்களையும் ஒப்பிட அதையே பாவிக்கலாம்.

ஆனால் அதற்கு முன் நீளங்களை வரைபுத்தாளில் புள்ளிகளாக வையுங்கள். இரண்டு குவியல் தெரிந்தால் கவனம்! திலாப்பியாவில் ஆண் பெண்ணை விடப் பெரிதாக வளரும். இரு இனங்கள் கலந்தும் இருக்கலாம். அப்போது ஆணை ஆணோடு, இனத்தை இனத்தோடு ஒப்பிட வேண்டும்.

திரும்பச் செய்வதானால் இரண்டு குளத்திலும் ஒரே கண் அளவுள்ள வலை, ஒரே கிழமை. மழைக்கு நிரம்பிய குளத்தையும் ஆவணியில் வற்றிய குளத்தையும் ஒப்பிட்டுப் பயனில்லை. குளத்தின் படத்தில் கட்டம் போட்டு, இலக்கமிட்டு, சீட்டுக் குலுக்கி இடத்தைத் தெரிவு செய்யுங்கள். பிடித்தவர் கூறு போடுமுன், கூடையிலிருந்து ஐந்தாவது, பத்தாவது என்று எண்ணி எடுங்கள். கண்ணுக்குப் பிடித்ததை எடுத்தால் பெரியதுதான் கைக்கு வரும். அப்புறம், ஒரே பத்து மீனை இரண்டு மாணவர்கள் ஒருவர் குறிப்பை மற்றவர் பாராமல், வாய் நுனியிலிருந்து வால் நுனி வரை அளக்கட்டும். அவர்களுக்கிடையிலேயே ஒரு சென்ரிமீற்றர் வித்தியாசம் வந்தால், முதலில் அளக்கும் விதத்தைத் திருத்திவிட்டுக் குளத்துக்குப் போங்கள்.