ஏஐ எழுதிக்கொடுத்தால் என்ன பிழை? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

தங்கச்சி,

நீங்கள் அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். மகள் கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதியிருக்கிறாள். பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கெடுக்கும் இசட் புள்ளி பொறியியலுக்கு எட்டுமோ எட்டாதோ என்ற இடத்தில் நிற்கிறது. அதனால் இங்கிலாந்துக்கும் ஒரு விண்ணப்பம் போட்டுவைக்கலாம் என்று வீட்டில் முடிவு. முகவரோ, "பர்சனல் ஸ்டேட்மென்ட்தானே, சாட்ஜிபிடியில் ஐந்து நிமிட வேலை" என்கிறார், விண்ணப்பத்தோடு பிள்ளை தன்னைப் பற்றி எழுதும் கட்டுரையை. கூடப் படித்த பிள்ளைகளும் அப்படித்தான் செய்கிறார்களாம். உங்கள் மகள் மட்டும் "அது கள்ளம், தொடவே மாட்டேன்" என்கிறாள். அவளுக்குப் புத்தி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவளுக்கு மட்டுமில்லை.

உள்ளூர்க் கதையை முதலில் முடித்துவிடுவோம். நம் அரச பல்கலைக்கழக அனுமதியில் ஏஐக்கு வேலையே இல்லை. கட்டுரை இல்லை, சிபாரிசுக் கடிதம் இல்லை. சில பாடநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சையோ செயன்முறைப் பரீட்சையோ உண்டு, மற்றதெல்லாம் இசட் புள்ளிதான். பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தக் கடைசிப் பட்டியலில் மட்டக்களப்பும் இருக்கிறது, அம்பாறையும் இருக்கிறது. ஒரேயொரு எச்சரிக்கை: "எனக்கு எந்தக் கம்பஸ் கிடைக்கும்" என்று சாட்ஜிபிடியிடம் கேட்டுவிட்டு வந்து நிற்கும் பிள்ளைகளை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். வெட்டுப்புள்ளி ஆண்டுக்கு ஆண்டு, மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். ஆண்டும் மாவட்டமும் போடாமல் அது சொல்லும் எண்ணை நம்பித் தெரிவு வரிசையை நிரப்ப வேண்டாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைத் திறந்து பாருங்கள்.

சரி, இங்கிலாந்துக்கு வருவோம்.

அங்கே பல்கலைக்கழக விண்ணப்பங்கள் யூகாஸ் என்ற பொது அமைப்பு வழியாகப் போகும். 2026 நுழைவிலிருந்து யூகாஸ் விண்ணப்பத்தில் பழைய மாதிரி நீண்ட ஒரே கட்டுரை கிடையாது. மூன்று கேள்விகள். ஏன் இந்தப் பாடம், படிப்பு உன்னை எப்படித் தயார்ப்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தாய். மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துகள், இடைவெளியும் உட்பட. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. இது என் சொந்த எழுத்து, வேறொருவரிடமிருந்தோ ஏஐ மென்பொருளிலிருந்தோ எடுத்தது இல்லை என்று பிள்ளை உறுதிமொழியும் கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் பொது விண்ணப்பத் தளமான காமன் ஆப் 2023இலேயே ஏஐ எழுதியதைத் தன்னுடையதாகக் காட்டுவதை மோசடி என்று விதியில் சேர்த்துவிட்டது. ஆக, முகவரின் ஐந்து நிமிட வேலைக்குக் கீழே கையெழுத்து உங்கள் மகளுடையது. நாளைக்குச் சிக்கல் வந்தால் முகவர் தொலைபேசியை எடுப்பாரா என்பது வேறு கதை.

பிள்ளைகள் என்னிடம் ஒரு நியாயம் கேட்கிறார்கள்: "சேர், அவங்க மட்டும் மெஷினால வாசிக்கலாம், நாங்க மெஷினால எழுதக் கூடாதா?" கேள்வி மோசமில்லை. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் மாணவர் கட்டுரைகளுக்கு ஒரு மனிதரோடு ஒரு ஏஐயையும் புள்ளியிட வைத்திருக்கிறது. இரண்டும் இரண்டு புள்ளிக்கு மேல் விலகினால் இன்னொரு மனிதர் வாசிப்பார். பிள்ளைகளின் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் அந்தப் பல்கலைக்கழகம் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் செய்கிறது. முகவர் சொல்வது மறைத்துச் செய்வது.

இப்போது நேர்மையான பிள்ளைக்கும் உள்ள ஆபத்து. இதை மகளிடம் அவசியம் சொல்லுங்கள், அவள் இதைக் கணக்கில் எடுக்கவில்லை. 2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் (ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை) கட்டுரைகளை ஏழு ஏஐ கண்டறியும் கருவிகளுக்குக் கொடுத்தார்கள். சராசரியாக 61 வீதத்துக்கு மேல் "ஏஐ எழுதியது" என்று பிழையாக விழுந்தது. அமெரிக்கப் பிள்ளைகளின் கட்டுரைகளில் அந்தத் தொல்லை ஏறக்குறைய இல்லை. தெரிந்த சொற்களை வைத்து, பாடப்புத்தக ஒழுங்கில் கவனமாக எழுதினால் கருவிக்கு அது இயந்திரம் மாதிரித் தெரிகிறது. நம் தமிழ்மொழி மூலப் பிள்ளைகள் எழுதுவது அப்படித்தானே? ஓபன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் நிறுத்திக்கொண்டது. ஆகவே ஏஐயைத் தொடாமல் இருந்தால் மட்டும் போதாது, தொடவில்லை என்று காட்டவும் தெரிய வேண்டும். முதல் பிரதியைக் கையால் எழுதி, திகதி போட்டுப் படம் எடுத்து வைக்கட்டும். தட்டச்சை கூகிள் டாக்ஸில் செய்தால் ஒவ்வொரு திருத்தமும் நேரத்தோடு பதிவாகும்.

மகளோடு நான் பேசினேன். முகவர் அனுப்பிய மாதிரியின் முதல் வரி, சிறுவயதிலிருந்தே வானுயர்ந்த கட்டடங்கள் அவளை வியக்கவைத்தனவாம். வாவிக்கரை ஊரான நம் குருமண்வெளியில் எந்த வானுயர்ந்த கட்டடம், தங்கச்சி? "அதை விடு மகள், மாரியில் உங்கள் வயலுக்கு என்ன நடக்கும்" என்று கேட்டேன். அவ்வளவுதான், பேச்சை நிறுத்த முடியவில்லை. பாதைப் படகில் ஏறி மண்டூருக்குப் போனது, வாவித் தண்ணீர் ஏறி வயல் மூழ்கியது, தண்ணீர் கடலுக்கு இறங்க முகத்துவாரம் வெட்டச் சொல்லி அப்பாவும் பொறுக்கச் சொல்லி மீன்பிடிக்கிற மாமாவும் ஒரே திண்ணையில் இருந்து சண்டை பிடித்தது. அப்புறம் சாதாரணமாக ஒன்று சொன்னாள்: வரம்பில் ஒரு கம்பை நட்டு, கத்தியால் கோடு கீறி, தண்ணீர் ஏறுவதைக் காலையும் மாலையும் சீஆர் கொப்பியில் குறித்து வைத்தாளாம். வெட்டிய பிறகு எவ்வளவு வேகத்தில் இறங்கியது என்றும் கணக்குப் பார்த்திருக்கிறாள். குடிசார் பொறியியல் கேட்கிற பிள்ளைக்கு மூன்றாம் கேள்வியின் பதில் அந்தக் கொப்பியில் கிடக்கிறது. அதைச் சாட்ஜிபிடி எழுத முடியாது, அதற்கு அந்தக் கம்பைத் தெரியாது. பல பல்கலைக்கழகங்கள் நேர்காணலும் வைக்கின்றன. கம்பைப் பற்றி எத்தனை கேள்வி கேட்டாலும் இவள் பதில் சொல்வாள். வானுயர்ந்த கட்டடத்தைப் பற்றிக் கேட்டால்?

அதற்காக ஏஐயை அறவே தொடாதே என்றும் நான் சொல்லமாட்டேன். இந்த இடத்தில் மகளோடு எனக்கு உடன்பாடில்லை. "என்னிடம் கேள்வி கேள், பதிலை நீ எழுதாதே" என்று சொல்லித் தமிழிலேயே அதோடு பேசிப் பழகலாம், நேர்காணலுக்கு நல்ல பயிற்சி. பாடநெறி விபரத்தில் விளங்காத பந்தியை விளக்கச் சொல்லலாம். எழுதி முடித்த பிறகு இலக்கணப் பிழையைச் சுட்டிக்காட்டச் சொல்லலாம், திருத்துவது அவள் கை. "இன்னும் அழகாக்கு" என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் கம்பு போய் கட்டடம் வந்துவிடும். கடவுச்சீட்டையும் வங்கிக் கணக்கு விபரத்தையும் அதில் ஏற்றவே வேண்டாம்.

கூடப் படித்தவர்கள் முந்திவிடுவார்கள் என்ற பயம் உங்களுக்கு. அவர்களில் சிலருக்கு இடம் கிடைக்கும்தான், மறைக்க மாட்டேன். ஒரே மாதிரிப் பத்துக் கடிதம் போனால் ஒன்றிரண்டு தப்பிப் போகும். அந்த ஒன்றிரண்டை நம்பி மகளைப் பொய்க்குக் கையெழுத்து வைக்கச் சொல்லாதீர்கள்.

முகவருக்கு இன்னும் காசு கட்டவில்லை என்றீர்கள். கட்டாதீர்கள், மகள் முதல் பிரதியை முடிக்கட்டும். கொப்பியோடு அவளை அனுப்பிவையுங்கள், ஆங்கிலத்தை நான் பார்க்கிறேன். இதற்கிடையில் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் கிடைத்துவிட்டால், என் எண்ணம் அதை எடுப்பதுதான். இங்கிலாந்தை முதுகலைக்கு வைத்துக்கொள்ளலாம், அப்போது உங்கள் வயலை ஈடு வைக்கவும் தேவைப்படாது.