நாய்க்கு ரொட்டி என்று பெயர் வைக்கலாமா?

வணக்கம் அண்ணா,

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். போன கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்திருக்கிறது. உடம்பெல்லாம் செம்பட்டை, வால் நுனி மட்டும் வெள்ளை. தரம் நாலில் படிக்கும் மகள் 'ரொட்டி' என்றுதான் கூப்பிடுவேன் என்கிறாள். மகன் 'வட்டிலப்பம்' என்கிறான். மாமியாருக்கு இரண்டும் பிடிக்கவில்லை. சாப்பிடுகிற சாமானின் பெயரை நாய்க்கு வைப்பது சோற்றை மிதிப்பது மாதிரியாம். 'மணி' போதும் என்று முடித்துவிட்டார். சாப்பாட்டுப் பெயர் வைப்பது பிழையா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

பிழையில்லை. ஆனால் உங்கள் மாமியார் சொல்வதைப் பழைய காலத்துப் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். கொஞ்சுவதற்கு வைக்கும் பெயரால்தான் ஏசவும் வேண்டியிருக்கும். குட்டி செருப்பைக் குதறிப் போட்ட அன்று "எட்டிப் போ, சனியன் பிடிச்ச ரொட்டி" என்று நீங்கள் கத்த, அதே நேரம் அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருக்கும். 1973, 74இல் தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்தார்கள். மாவு கிடைத்த நாள் நல்ல நாள். அந்தக் காலத்தைப் பார்த்தவர்களுக்கும், பார்த்தவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களுக்கும் ரொட்டியை வைத்து விளையாட வராது. மகளிடம் அதை எடுத்துச் சொல்லுங்கள், கேட்பாள்.

ரொட்டி வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் வேறு. உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தச் சொல் விழுகிறது என்று பாருங்கள். ரொட்டி சுடவா, ரொட்டி தீயுது, மலைக்கு ரொட்டி கட்டியாச்சா. ஒவ்வொரு தடவையும் குட்டி காதைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும். வந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. இப்படிச் சில கிழமை போனால், உண்மையிலேயே கூப்பிடும்போதும் திரும்பிப் பார்க்காது. எந்தச் சத்தத்துக்குப் பிறகு தனக்கு ஏதாவது நடக்கிறதோ அதைத்தான் நாய் தன் பெயராக எடுத்துக்கொள்ளும். சமையலறையில் தினமும் புழங்கும் சொல் அதற்கு உதவாது. சம்பல், பருப்பு, பாண், சோறு எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

இன்னொன்று. பிள்ளைகள் எந்தப் பெயரை வைக்கிறார்களோ அந்தச் சாப்பாட்டை ஊட்டிப் பார்ப்பார்கள். நம் ரொட்டியில் வெங்காயம் வெட்டிப் போடுகிறோம், சம்பலிலும் வெங்காயம். நாய்க்கும் பூனைக்கும் வெங்காயம் ஆகாது. இரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்களை அது உடைத்துவிடும், வேகவைத்தாலும் வதக்கினாலும் அந்த நஞ்சு போகாது. வெள்ளைப்பூண்டும் அப்படித்தான். சாக்லேட், திராட்சை, முந்திரிகை வற்றல் என்கிற காய்ந்த திராட்சை எதுவும் நாய்க்குக் கொடுக்கக் கூடாது. ஆகவே 'சாக்லேட்' என்றோ 'சீனிச்சம்பல்' என்றோ மகன் அடுத்ததாக யோசனை சொன்னால் முளையிலேயே கிள்ளிவிடுங்கள்.

மகனின் வட்டிலப்பத்துக்கு வருவோம். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நீளப் பெயரை யாரும் முழுதாகக் கூப்பிட மாட்டார்கள். இரண்டே நாளில் 'வட்டி' ஆகிவிடும். சம்பள நாளன்று லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) வாசலில் நின்று "வட்டி! வட்டி!" என்று நீங்கள் சத்தம் போட்டால், பக்கத்துக் காம்பராவில் கடன்பட்டவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

அதோடு, தோட்டத்தில் ஆளுக்கொரு பட்டப்பெயர் இருக்கும். நீங்கள் வைக்கப்போகும் பெயரில் கீழ் லயத்தில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். கருப்பட்டி, முறுக்கு, மாசி எல்லாம் பெரும்பாலும் மனிதர்கள் பிடித்துவைத்த பெயர்கள். சண்டைக்கு அது போதும்.

பெயர் சின்னதாக, ஓங்கிய சத்தத்தோடு இருக்கட்டும். உங்கள் பக்கம் தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாட்டம் உண்டு, நாயைத் தூக்கிக்கொண்டு போவதும் உண்டு. பொழுது சாயும்போது பனிமூட்டத்துக்குள் நின்று ஒரே மூச்சில் கூப்பிட்டு உள்ளே எடுக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் வட்டிலப்பம் வாயில் நுழையாது.

அப்படியானால் எது? வால் நுனி வெள்ளை என்று படித்ததும் எனக்கு 'பீக்கோ' என்றுதான் தோன்றியது. வெண்முடி படிந்த இளம் துளிரிலிருந்து வருகிற தேயிலை, வாழ்நாள் முழுக்கக் கொழுந்து எடுத்த மாமியாருக்கும் தெரிந்த சாமான். ஆனால் முதல் எழுத்தை யோசியுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த நாயையும் விடமாட்டார்கள், உங்கள் மகளையும் விடமாட்டார்கள்.

என் தேர்வு 'கோப்பி'. நிறத்துக்குப் பொருத்தம். எல்லாரும் தேத்தண்ணி குடிக்கிற வீட்டில் அந்தச் சொல் அபூர்வமாகத்தான் விழும். வல்லெழுத்து இருப்பதால் தூரத்துக்கும் கேட்கும். மாமியாருக்கும் சொல்ல ஒரு கதை இருக்கிறது: நம் ஆட்களை இந்த மலைகளுக்கு முதலில் கொண்டுவந்ததே கோப்பிதான். ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரத் தோட்டத்துரை கண்டிப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை நட்டது 1867இல். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டு, கொஞ்சக் காலத்தில் தோட்டங்களே அழிந்து, அந்த இடத்தில் தேயிலை ஏறியது. சோறும் மாவும் போல வயிற்றோடு ஒட்டிய சாமான் இல்லை, ஆகவே ஏசினாலும் அவருக்கு அவ்வளவு மனம் நோகாது என்று நினைக்கிறேன். குடிக்கக் கொடுக்க மட்டும் வேண்டாம், அதுவும் நாய்க்கு ஆகாது.

மகளுக்கு ரொட்டிதான் என்றால் விடுங்கள், அடுத்து வரும் பூனைக்கு வைத்துக்கொள்ளட்டும். பூனை கூப்பிட்டால் வராவிட்டாலும் யாருக்கும் நட்டமில்லை.

பெயர் முடிவாகட்டும் என்று விசர்நாய்த் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். அரசாங்கம் அதை இலவசமாகத்தான் போடுகிறது. எப்போது போடலாம் என்று உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். பெயரை அட்டையில் பிறகும் எழுதிக்கொள்ளலாம்.