'போல' என்று எழுதியிருக்கிறீர்களே, அது போதும்

தன்னையறியாமல் நிறையச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பதாகவும், இது மனச்சிதைவோ (ஸ்கிசோஃப்ரினியா) என்று பயப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மனச்சிதைவு இல்லை. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் போனில் தேடிக் கண்டுபிடித்த மூளைக்கட்டியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"ஹாஸ்டல் கட்டிலில் மூன்று பிஸ்கட் பாக்கெட் காலியாகக் கிடப்பதைப் பார்த்த பிறகுதான் சாப்பிட்டதே தெரிகிறது. என் கையை வேறு யாரோ ஆட்டுவது போல இருக்கிறது" என்கிறீர்கள். மனச்சிதைவு உள்ளவர், யாரோ ஆட்டுகிறார்கள் என்றே நம்புவார். நீங்கள் 'போல' என்கிறீர்கள். தன்னிலிருந்து தானே விலகி நிற்கும் இந்த உணர்வை டிஸோசியேஷன் என்போம். உணவுப் பழக்கம் குலைந்த கல்லூரி மாணவர்களிடம் இதைப் பார்க்கிறோம்.

பகல் முழுக்கக் காபியில் ஓட்டுகிறீர்கள். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் திடகாத்திரமான 36 ஆண்களுக்கு ஆறு மாதம் அரைவயிறு சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது; பிறகு வயிறார உணவு கிடைத்தபோது சிலரால் நிறுத்தவே முடியவில்லை. உங்களுக்குப் பட்டினியோடு பரீட்சை பயமும் உடம்பைப் பற்றிய கூச்சமும் சேர்ந்திருக்கின்றன. தாங்க முடியாதபோது மனம் தன்னைக் கவனிப்பதையே விட்டுவிடுகிறது. கவனம் போனால் கட்டுப்பாடும் போகும். நினைவு திரும்பியதும் வெட்கம், வாந்தி, மறுநாள் பட்டினி.

சரி, எனக்குக் கவலை வேறு. கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: மாடிப்படி ஏறும்போது நெஞ்சு படபடத்து, கெண்டைக்கால் இழுத்து, கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன் என்று. வாரம் நாலு நாள் வாந்தி, அதோடு பேதி மாத்திரை. ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியிருக்கலாம். லிட்டருக்கு 3.5 மில்லிமோலுக்குக் கீழே போகப் போக இதயத் துடிப்பே தடுமாறும். வயது இருபதுதானே என்று அது பார்க்காது. இன்றே போய் ஈசிஜியும் பொட்டாசியமும் பாருங்கள். "வாந்தி எடுக்கிறேன், பேதி மாத்திரை போடுகிறேன்" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார். மறுபடி மயக்கம் வந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

அந்தப் பேதி மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள். உணவின் சத்து சிறுகுடலிலேயே ஏறிவிடும். மாத்திரையால் வெளியே போவது தண்ணீரும் உப்பும்தான். யார் சொல்லி வாங்கினீர்கள்? முடி கொட்டுவது, கன்னம் உப்புவது எல்லாம் சாப்பாடு சீரானால் சரியாகும்.

அப்புறம் மனநல மருத்துவர். இந்த உணவுப் பழக்கக் கோளாறுக்கென்றே பேச்சு சிகிச்சை இருக்கிறது. போகும்வரை 14416 எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசியின் ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. நாளை காலை மெஸ்ஸில் இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள், அறைத்தோழியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு.